பெயருக்கு நடுவே ஓர் இடைவெளி

தலைமை அலுவலகத்திலிருந்து வந்த சுற்றறிக்கையை அமராவதி ஹெட்போனில் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டாள். ஒருவேளை தான்தான் தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்ற நப்பாசை. சுற்றறிக்கை அவளுக்காக ஓர் எழுத்துகூட மாறவில்லை.

‘லைசென்ஸ் இல்லாத மென்பொருள் எதுவும் சங்கத்தின் கணினிகளில் இருக்கக் கூடாது. தணிக்கையில் கண்டுபிடிக்கப்பட்டால் நிரந்தரப் பணியாளர்மீது நடவடிக்கை எடுக்கப்படும். ஒப்பந்தப் பணியாளர் உடனடியாக நீக்கப்படுவர்.’

அவள் ஒப்பந்தப் பணியாளர். பிறவியிலேயே பார்வை இல்லாதவள். வெள்ளாற்றங்கரை விவசாயிகள் கூட்டுச் சங்கத்தின் சிதம்பரம் கிளையில், உறுப்பினர்கள் அனுப்பும் மனுக்களைப் படித்துப் பதில் அடிப்பது அவள் வேலை. திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துக் காட்டும் ஒரு மென்பொருள்தான் அவளுக்குக் கண். அதை யாரும் காசு கொடுத்து வாங்கவில்லை. இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டது. அந்த நினைப்புதான் இப்போது பயமுறுத்தியது.

பயந்தவள் சும்மா இருந்திருக்கலாம். கடலூருக்குப் போன் போட்டாள். எடுத்தவர் சங்கத்தின் செயலாளர் தில்லைநாதன்.

“சார், நான் வெச்சிருக்கறதுக்கு லைசென்ஸ் இருக்குது சார்.”

“காசு குடுத்து வாங்குனியா?”

“இல்ல சார். ஆனா...”

“காசு குடுக்காம ஏதும்மா லைசென்ஸு?”

“அதுலயே எழுதியிருக்குது சார். யார் வேணும்னாலும் வெச்சிக்கலாம், மாத்திக்கலாம், அடுத்தவங்களுக்கும் குடுக்கலாம்னு...”

“அடுத்தவங்களுக்குக் குடுக்கறதா? அதத்தாம்மா திருட்டு காப்பிங்கறாங்க.”

அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த மிக்ஸியைப் பெருமையாக அலமாரியில் வைத்துக்கொள்கிற ஊர் இது. இலவசமாக வந்த மென்பொருள் என்றால் மட்டும் போலீசைக் கூப்பிடலாமா என்று யோசிக்கிறார்கள். அமராவதி “சரி சார்” என்றாள். மேலே பேசினால் வேலை போய்விடும்.

“பயந்துக்காத. உன்ன மாதிரி ஆளுங்களுக்குன்னே ஒரு கம்பெனிக்காரரு புதுசா ஒண்ணு கொண்டாந்திருக்காரு. ‘இன்குரல்’னு பேரு. வர வியாழக்கெழம இங்க மீட்டிங்கு. எல்லா கிளையிலேருந்தும் வராங்க. நீதான் ஓட்டிக் காட்டணும்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

தில்லைநாதனை அவளுக்குப் பழைய பழக்கம். ஆறு வருடத்துக்கு முன்னால் சிதம்பரம் கிளைக்கே மேலாளராக இருந்தவர். எழுத்துப்பிழை என்றால் அவருக்கு ஆகாது. ஒற்று விட்டுப்போனால் கடிதம் திரும்பி வரும். காற்புள்ளி இடம் மாறினால் ஆளே திரும்பி வரவேண்டும். கையில் எப்போதும் ஒரு பேனாவை டிக் டிக் என்று அழுத்திக்கொண்டே இருப்பார். அந்தச் சத்தம் நின்றால் ஆபத்து என்று கிளையில் எல்லாருக்கும் தெரியும்.

ஒருநாள் அவள் அடித்த பதில் கடிதத்தைக் கூடத்தில் எல்லார் முன்னாலும் வீசிப் போட்டு, “கண்ணு இல்லாதவங்களுக்கு எதுக்கும்மா கம்ப்யூட்டரு?” என்றார். அவள் இருக்கைக்குத் திரும்பினாள். அழுகை வரவில்லை, கோபம் வந்தது.

அந்த மென்பொருளில் உச்சரிப்பு அகராதி என்று ஒரு கோப்பு உண்டு. எந்தச் சொல்லை எப்படிப் படிக்க வேண்டும் என்று நாமே அதில் எழுதிவைக்கலாம். பக்கத்து ஊரான குமராட்சியை அது ‘கு. மர ஆட்சி’ என்று பிய்த்துப் படித்தபோது அமராவதிதான் திருத்தினாள். காட்டுமன்னார்கோயிலுக்குச் சங்கத்துக்காரர்கள் மட்டும் ‘கா.ம.கோ.’ என்று எழுதுகிற சுருக்கத்தையும் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். அன்றைக்கு அதே கோப்பைத் திறந்து இன்னும் ஒரு வரி சேர்த்தாள். ‘தில்லைநாதன்’ என்று வந்தால் ‘தொல்லைநாதன்’ என்று படி.

அதன் பிறகு அவருடைய ஒவ்வொரு கடுதாசியும் அவள் காதுக்குள் ‘இப்படிக்கு, தொல்லைநாதன்’ என்று முடிந்தது. யாருக்கும் தெரியாமல் சிரித்துக்கொள்ள அவளுக்கு இருந்தது அது ஒன்றுதான். சத்தியமாகச் சொல்கிறேன், அதில் ஒரு பாவமும் இல்லை.

பாவம் பிறகு வந்தது. கிள்ளையில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் அறிவுமதி, அவளைப் போலவே பார்வையில்லாதவள், கல்லூரிக் காலத்துத் தோழி. “நீ திருத்துனது எல்லாத்தியும் பொதுவுல போட்டுடு அமரா. நம்மள மாதிரி எத்தினியோ பேரு அவதிப்படுறாங்க” என்றாள். அறிவுமதியின் திருத்தங்களையும் சேர்த்து, இருவர் பெயரும் போட்டு, அமராவதி கோப்பை அப்படியே பொதுவில் ஏற்றினாள். அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிட மறந்துபோனாள். நினைவு வந்தபோது கோப்பு ஊர் ஊராகப் போய்விட்டிருந்தது. உலகத்தில் எத்தனை தில்லைநாதன் இருந்துவிடப் போகிறார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை கடலூர் பஸ் ஏறினாள். இன்குரல் நன்றாக இருந்தாலும் கஷ்டம், இல்லாவிட்டாலும் கஷ்டம். நன்றாக இருந்தால் பழைய குரலை அழித்துவிடுவார்கள். இல்லாவிட்டாலும் அழித்துவிடுவார்கள். ஆலப்பாக்கம் தாண்டி கடலூர் பழைய டவுன் பக்கம் கருவாட்டு வாடை வந்தபோது, இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள்.

மஞ்சக்குப்பத்தில் இருந்த தலைமை அலுவலகத்தின் கூட்ட அறையில் கம்பெனிக்காரர் செந்தமிழ்செல்வன் காத்திருந்தார். பேச்சில் தேன் ஒழுகியது. “மேடம், இது முழுக்க நம்மளோட சொந்த தயாரிப்பு. நீங்க ஒருவாட்டி ஓட்டிப் பாத்துடுங்க” என்று ஹெட்போனைக் கொடுத்தார்.

புதுக்குரல் இனிமையாக இருந்தது, அதை மறைக்க முடியாது. பழையது கொஞ்சம் மூக்கால் பேசும். இது வானொலி அறிவிப்பாளர் மாதிரி பேசியது. அமராவதி சோதனைக்காக ‘குமராட்சி’ என்று அடித்தாள். பிசகாமல் படித்தது. ‘கிள்ளை’ சரி. விளையாட்டாக ‘கா.ம.கோ.’ என்று அடித்தாள்.

“காட்டுமன்னார்கோயில்” என்றது.

அவள் கை விசைப்பலகை மேல் அப்படியே நின்றது. சென்னையில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருக்கும் எந்த இன்ஜினியருக்குக் கா.ம.கோ. தெரியும்? சங்கத்துக்காரர்களைத் தவிர அது யாருக்கும் தெரியாதே. உரிமை விவரம் இருக்கும் பக்கத்தைத் திறந்தாள். ‘அனைத்து உரிமைகளும் இன்குரல் நிறுவனத்துக்கே. நகலெடுப்பதும் மாற்றுவதும் குற்றம்’ என்று தேன்குரல் படித்தது. அமராவதி என்ற பெயரும் இல்லை, அறிவுமதி என்ற பெயரும் இல்லை. ஊரான் வீட்டு நெய்யை எடுத்து வந்து தன் கையால் பரிமாறுகிறான்.

கோபம் வர வேண்டிய நேரம். ஆனால் வந்தது வேறு ஒரு சந்தேகம். ஒவ்வோர் எழுத்தாக அடித்தாள். தி, ல், லை, நா, த, ன்.

“தொல்லைநாதன்” என்றது புதுக்குரல், அத்தனை இனிமையாக.

இன்னும் சற்று நேரத்தில் இந்த அறையில் எல்லாக் கிளை ஆட்களும் உட்காருவார்கள். ஸ்பீக்கர் வைத்திருக்கிறார்கள். அவள் ஓட்டிக் காட்ட வேண்டிய வரவேற்புரையின் முதல் வரியே ‘மதிப்பிற்குரிய செயலாளர் திரு. தில்லைநாதன் அவர்களே’.

“சார், இதுல ஒரு வார்த்தைய திருத்தணும். உச்சரிப்பு ஃபைல தொறக்க முடியுமா?” என்று கேட்டாள்.

“எந்த வார்த்தை மேடம்?”

“சும்மா... ஒரு ஊர் பேரு.”

“முடியாதுங்க. எல்லாம் லாக் பண்ணது. எங்க ஆளுங்களே சென்னையிலதான் தொறக்கணும். எழுதிக் குடுங்க, அடுத்த அப்டேட்ல பாப்போம்.”

அவள் எழுதிய சொற்கள். அவளுக்கே பூட்டு. பழைய மென்பொருளாக இருந்தால் கோப்பைத் திறந்து, ஒரு வரியை அழித்து, மூடிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போயிருப்பாள்.

வராந்தாவுக்குத் தடவிக்கொண்டு போய் அறிவுமதிக்குப் போன் செய்தாள். கேட்டதும் அவள் சிரித்துவிட்டாள். பிறகு அமராவதி மூச்சு வாங்குவதைக் கேட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“ஏய், அவன் எடுத்தது தப்பு இல்லடி. வித்தாக்கூட தப்பு இல்ல. ஆனா தொறந்துதான் குடுக்கணும், எழுதுனவங்க பேர அழிக்கக் கூடாது. நமக்குக் குடுத்த உரிமைய அவன் அடுத்தவனுக்கும் குடுக்கணும். பூட்டிக் குடுக்கற உரிமை மட்டும் எவனுக்கும் கெடையாது. எந்திரிச்சி சொல்லுடி.”

“எழுதுனது நான்தான்னு சொன்னா, அந்த வரியும் நான்தான எழுதுனதா ஆவும்? அடுத்த மாசம் கான்ட்ராக்ட் புதுப்பிக்கணும்டி. கையெழுத்து போடுறதே அவுருதான்.”

“அப்ப ஒண்ணு பண்ணு. தில்லைக்கும் நாதனுக்கும் நடுவுல ஒரு ஸ்பேஸ் போட்டுடு. ரெண்டு வார்த்தையா ஆயிட்டா அதுக்கு அடையாளம் தெரியாது. ஓட்டிட்டு வாய மூடிக்கிட்டு வந்துரு.”

அமராவதி அப்படியே செய்தாள். ஹெட்போனில் போட்டுக் கேட்டாள். ‘திரு. தில்லை நாதன் அவர்களே’ என்று ஒழுங்காகப் படித்தது. மூச்சு வந்தது. ஆனால் மடியில் கனமிருந்தால் வழியில் பயம் போகாது. இன்றைக்கு ஓர் இடைவெளி போட்டுத் தப்பிக்கலாம். எல்லாக் கிளையிலும் இதை ஏற்றிய பிறகு, எவனாவது ஒருவன் ஸ்பீக்கரில் அவர் கடிதத்தைப் படிக்கவிட்டால்?

கூட்டம் நிறைந்தது. நாற்காலிகள் இழுபடும் சத்தத்துக்கு நடுவே டிக் டிக் என்ற பேனா முன்வரிசையில் வந்து உட்கார்ந்தது. செந்தமிழ்செல்வன் பேசினார். “இதுல உள்ள ஒவ்வொரு வார்த்தையும் எங்க இன்ஜினியருங்க உக்காந்து செதுக்குனது” என்றார். கைதட்டினார்கள். அமராவதியை ஓட்டச் சொன்னார்கள். குரல் வரவேற்புரையைத் தடங்கலில்லாமல் படித்து முடித்தது. மறுபடி கைதட்டல். தப்பித்தோம் என்று அவள் நாற்காலியில் சாய்ந்தாள்.

“இரும்மா” என்றார் தில்லைநாதன்.

டிக் டிக் எழுந்து அவள் பக்கம் வந்தது. “பெரிய திரையில பாத்துக்கிட்டுதான் இருந்தேன். எம் பேர ஒடச்சிப் போட்டிருக்க. தில்லைநாதன்ங்கறது ஒரே சொல்லு. எத்தினி வருஷம் சொல்லிக் குடுத்தேன்?”

“சார், அது அப்பிடியே...” என்று அவள் கையை நீட்டுவதற்குள் அவரே விசைப்பலகையை இழுத்துக்கொண்டார். ஒரே ஒரு விசைதான் தட்டினார், இடைவெளி போய்விட்டது.

“இப்ப படிக்க வுடு.”

அவள் அசையவில்லை. உதவி செய்யும் பாவனையில் செந்தமிழ்செல்வன் எட்டி அழுத்தினார்.

“மதிப்பிற்குரிய செயலாளர் திரு. தொல்லைநாதன் அவர்களே” என்றது ஸ்பீக்கர்.

பேனா நின்றது.

பின்வரிசையில் யாரோ இருமி அடக்கினார்கள். இருமல் இல்லை அது. தில்லைநாதன் தானே இன்னொரு தடவை அழுத்தினார். தொல்லைநாதன் அவர்களே. பார்வை உள்ளவர்களுக்கு முகத்தைப் பார்த்துத் தெரிந்துவிடும். அமராவதிக்குச் சத்தம்தான் முகம். இப்போது சத்தமே இல்லை.

“ஒவ்வொரு வார்த்தையும் நீங்க செதுக்குனது. அப்பிடித்தான சொன்னீங்க?” என்றார் தில்லைநாதன் மெதுவாக.

செந்தமிழ்செல்வனின் தேன் வற்றிவிட்டது. “அய்யோ சார்... இது நாங்க எழுதுனது இல்ல சார். கொஞ்ச வார்த்தைங்க மட்டும் நெட்ல ஃப்ரீயா கெடந்துச்சி, எடுத்துக்கிட்டோம். ஃப்ரீ சாஃப்ட்வேர்ல இப்பிடித்தான் சார் எவனாச்சும் விஷமம் பண்ணி வெச்சிருப்பான். அதுனாலதான் அதையெல்லாம் அழிக்கணும்ங்கறேன். அடுத்த அப்டேட்ல இத எடுத்துடறோம் சார்.”

“எழுதுனவன் யாரு?”

“பேரு இல்ல சார்.”

அவனே அழித்த பெயர். இல்லையாம். அவன் திருடியதால்தான் அவள் பத்திரமாக இருந்தாள். வாயைத் திறக்காமல் இருந்தால் இன்னும் பத்திரம்.

“இன்னிக்கே எல்லா கிளையிலயும் அந்த ஃப்ரீய அழிச்சிடச் சொல்லுங்க” என்றார் தில்லைநாதன் யாரிடமோ. “சிதம்பரத்துல மொதல்ல.”

நாளைக்குக் காலையில் இருக்கையில் உட்காருவாள், ஹெட்போனை மாட்டுவாள், அவள் சொற்களை யாரோ பூட்டி வைத்துக்கொண்டு பேசுவார்கள். இனி ஒரு புது ஊர்ப் பெயரைக்கூட அவளால் அதற்குச் சொல்லிக்கொடுக்க முடியாது. ‘நடப்பது நடக்கட்டும்’ என்றெல்லாம் அவளுக்குத் தோன்றவில்லை. பயம் அப்படியேதான் இருந்தது. பயத்தோடேயே பையைத் திறந்து தன் மடிக்கணினியை எடுத்தாள்.

“சார், ஒரு நிமிஷம். அந்த ஸ்பீக்கர் வயர இதுல மாட்டச் சொல்லுங்க.”

யாரோ மாட்டினார்கள். அவள் அதே வரியை அடித்தாள், பெயரை ஒரே சொல்லாக. பழைய மூக்குக் குரல் அறை முழுக்கக் கேட்டது. “மதிப்பிற்குரிய செயலாளர் திரு. தொல்லைநாதன் அவர்களே.”

இப்போது யாரும் இருமவில்லை. இன்குரலின் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

அவள் அகராதிக் கோப்பைத் திறந்தாள். அது தன்னைத் தானே உரக்கப் படித்தது. “உச்சரிப்புத் தொகுப்பு. திருத்தியவர்கள், அமராவதி, சிதம்பரம். அறிவுமதி, கிள்ளை. இதை யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம். பகிரும்போது இதே உரிமையைப் பெறுபவருக்கும் தர வேண்டும்.” அவள் கீழே இறங்கினாள். குமராட்சி கடந்தது, கா.ம.கோ. கடந்தது. அந்த வரியில் நின்று, அழித்து, சேமித்தாள். மறுபடி ஓட்டினாள்.

“மதிப்பிற்குரிய செயலாளர் திரு. தில்லைநாதன் அவர்களே.”

“இவுங்களால அடுத்த அப்டேட் வரைக்கும் முடியாது சார்” என்றாள். “இது தொறந்து கெடக்குது. அதனாலதான் தப்பும் பண்ண முடிஞ்சிது, திருத்தவும் முடிஞ்சிது. தப்பு என்னுது.”

செந்தமிழ்செல்வன் தன் பையின் ஜிப்பை மூடும் சத்தம் கேட்டது.

“எத்தினி வருஷமா இப்பிடிப் படிக்குது?” என்று கேட்டார் தில்லைநாதன்.

“ஆறு வருஷமா சார்.”

“வேற எங்கெங்க இருக்குது?”

“தெரியல சார். யாரு யாரோ எடுத்திருப்பாங்க. திருத்துனத இன்னிக்கே போட்டுடறேன். ஆனா முன்னாடி போனத... ஒருவாட்டி குடுத்துட்டா, நானே கேட்டாலும் திரும்பி வராது சார். யாராலயும் புடுங்க முடியாது.”

அதைப் பெருமையாகச் சொல்ல வேண்டிய இடம். அவளுக்கோ தீர்ப்பை வாசிப்பதுபோல் இருந்தது. பேனா ஒரே ஒரு தடவை டிக் என்றது.

“போ” என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்த கையை அவள் சிதம்பரம் வரை எடுக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் கிளைக்குள் நுழையும்போது யாராவது தன் பெயரைச் சொல்கிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு வந்தாள். இன்குரலைப் பற்றி யாரும் பேசவில்லை. தணிக்கைக்காரர் வந்தார், மற்ற கணினிகளையெல்லாம் பார்த்தார், அவள் மேஜை அருகில் நின்றார், ஒன்றும் சொல்லாமல் நகர்ந்துவிட்டார். அது இன்னும் பயமாக இருந்தது. கடுமையாக ஏதாவது வருவதற்கு முன்னால்தான் இப்படி மரியாதை காட்டுவார்கள்.

ஒப்பந்தம் முடிகிற வாரத்தில் கடலூரிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அவள் தண்ணீர் குடித்துவிட்டு, பிறகு இன்னொரு மடக்கும் குடித்துவிட்டுத் திறந்தாள்.

‘திருமதி அமராவதியின் ஒப்பந்தம் மேலும் ஓராண்டுக்கு நீட்டிக்கப்படுகிறது. அவர் பயன்படுத்தும் மென்பொருளின் உரிம நகல் கோப்பில் சேர்க்கப்பட்டது. அதை அகற்றத் தேவையில்லை. இப்படிக்கு, தில்லை நாதன், செயலாளர்.’

எங்கோ ஓர் இடறல் கேட்டது. அவள் கடைசி வரிக்குத் திரும்பிப் போய், அம்புக்குறியை அழுத்திச் சொல் சொல்லாக நகர்ந்தாள்.

“தில்லை” என்றது குரல்.

இன்னொரு தடவை அழுத்தினாள்.

“நாதன்.”

ஒற்றுப்பிழை பொறுக்காத மனிதர். கை தவறி விழுந்த இடைவெளியாக இருக்க வழியே இல்லை. எந்த ஊரில், எந்த மேஜையில், எந்தப் பழைய நகல் தன் பெயருக்காகக் காத்திருக்கிறதோ என்று அவர் ஆயுசுக்கும் இனி இப்படித்தான் கையெழுத்துப் போடுவார். அந்தப் பயம் எப்படியிருக்கும் என்று அமராவதிக்குத் தெரியும். சிரிக்கவும் முடியாமல் ஹெட்போனைக் கழற்றி வைத்தாள்.